கடல் இடப்பக்கம்

பாண்டிக்குப் போகையில் கடல் வலப்பக்கம்.
கடலூருக்குத் திரும்புகையில் இடப்பக்கம்.
பதினேழு வருஷம் டிக்கெட் கிழித்தும்
இதை நான் கவனித்ததில்லை.
இப்போது நாளைக்கு நாலு நடை திரும்புகிறேன்,
இந்த இடது கன்னத்தை
எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல்.

முதல்முறை வந்தது கன்னியகோயிலில்,
விசில் ஊத வாயைக் குவித்தபோது.
காதுக்கு முன்னால் யாரோ வெல்டிங் வைத்தார்கள்.
எண்ணி ஏழு விநாடி.
எல்லாம் நின்றுபோனது,
பஸ் மட்டும் நிற்கவில்லை.
இறங்கவேண்டிய அம்மா முள்ளோடையில் இறங்கி
என் பரம்பரையைத் திட்டிக்கொண்டே திரும்பி நடந்தாள்.
கையில் மீன்கூடை வேறு.

பல் என்றார் மஞ்சக்குப்பத்து டாக்டர்.
பிடுங்கினார்.
பக்கத்துப் பல்லின்மேல் சந்தேகம் வந்தது,
அதையும்.
பிறகு அதற்குப் பின்னால் சும்மா இருந்த ஒன்றையும்.
வலி அதே இடத்தில் இருந்தது,
டிக்கெட் வாங்காதவன்
கடைசி நிறுத்தம்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து வருவதுபோல.

சைனஸ் என்றார் திருப்பாதிரிப்புலியூரில் ஒருவர்.
டென்ஷன் என்றார் இன்னொருவர்,
செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சவரம் செய்ய முடியவில்லை.
"திருவந்திபுரத்துக்கு வேண்டுதலா?" என்கிறார்கள்.
தலையாட்டுகிறேன்.
தலையாட்டினால் வலிக்காது.
பேசினால் வரும், சோற்றை மென்றால் வரும்,
சிரித்தால் கட்டாயம் வரும்.
அஞ்சலாட்சி ரசத்தில் சோற்றைக் கரைத்துத் தருகிறாள்.
நான் வீட்டுக்குள் நுழைந்ததும்
பிள்ளைகள் டிவியில் காமெடி சேனலை மாற்றிவிடுகிறார்கள்.
அவர்களை அப்படிச் செய்யச் சொன்னது யாரென்று
நான் கேட்கவில்லை.

முள்ளோடை செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் ஏறி
மடியில் இருக்கிற பைகளை அமுக்கிப் பார்ப்பார்.
ஒன்றும் சிக்காவிட்டால் தகரத்தில் இரண்டு தட்டு.
போகலாம்.
என் தலைக்குள்ளும் ஒரு மெஷின் அப்படித்தான் தேடியது.
ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.
ஆறாயிரத்து ஐநூறு ரூபாய்,
அஞ்சலாட்சியின் தோடு.
செக்போஸ்ட்டில் கைக்குச் சிக்காமல்
கடலூரில் பத்திரமாய் இறங்கிய பாட்டில்கள்
எத்தனை என்று எனக்குத் தெரியும்.

டிரைவர் தேவசகாயம் இதுவரை எதுவும் விசாரித்ததில்லை.
விசிலுக்குக் காத்திருப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.
நான் கம்பியில் நாணயத்தால் தட்டினால் போதும்.
பாண்டி ஸ்டாண்டில் கிளம்புமுன்
இடப்பக்க ஷட்டர்களை அவரே இறக்கிவிடுகிறார்.
வேகுது என்று ஜனங்கள் அவரைத்தான் ஏசுகிறார்கள்.

கோரிமேடு ஜிப்மரில் விடியாத வரிசை.
"தனவேலு யாரு?"
நான்தான்.
"வலி ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள எவ்ளோ?"
பத்து என்றால் நம்பமாட்டார்கள்.
ஐந்து என்றால் அனுப்பிவிடுவார்கள்.
எட்டு என்றேன்,
சில்லறை இல்லாதவன் தோராயமாகக் கேட்பதுபோல.

சின்ன வயசு டாக்டரம்மா.
கையில் பஞ்சுத் திரி,
கன்னத்தில் லேசாகத் தொட்டுப் பார்க்க.
அது வருமுன் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.
நர்ஸ் கத்தினாள்.
டாக்டரம்மா கையை இழுக்கவில்லை.
என் விரல்கள் தாமாக விடும்வரை இருந்தாள்.
"சரி, தொடல" என்றாள்.
பதினாலு மாதத்தில் என்னை யாரும் பரிசோதித்ததென்றால்
அந்த ஒருமுறைதான்.

சீட்டில் நீளமாக ஒரு பெயர் எழுதி
பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள்.
"மாத்திரை கேட்டா இதுதான்.
கேக்கலன்னா வேற தேடணும்."

இன்று மூன்றாம் நாள்.
தரை கொஞ்சம் சாய்ந்தே இருக்கிறது.
ஐம்பது கொடுத்தவருக்கு நூறுக்கு மீதி கொடுத்துவிட்டேன்,
அவர் ஒன்றும் சொல்லாமல் தவளக்குப்பத்தில் இறங்கிப்போனார்.
கிருமாம்பாக்கம் தாண்டியாயிற்று.
வெயில் இறங்கி, காற்று ஏறுகிற நேரம்.
தேவசகாயம் கண்ணாடியில் பார்க்கிறார்.
நான் ஒரே ஒரு ஷட்டரை,
நாலு விரல் அளவுக்கு,
தூக்கி வைக்கிறேன்.