இரவு வேலை முடிந்து, தண்ணீர்மலைக்கு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்து
ஏழேகாலுக்கு இறக்கிவிட்டபோது
வீட்டுக்குப் போகலாம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.
ஹூய் லெங் கார் சாவியை விரலில் சுழற்றினாள்.
மைமூன் நான்கு பொட்டலம் நாசி லெமாக் வாங்கினாள்.
திலகேஸ்வரி பின்சீட்டில் காலணியைக் கழற்றி
என் மடிமேல் காலை நீட்டினாள்,
கேட்காமல்.

பதினொரு வருடம்
வெள்ளை அங்கிக்குள் ஒரே வரிசையில் நின்றிருக்கிறோம்.
தலைமூடிக்கும் முகமூடிக்கும் நடுவே
கண்கள் மட்டும்.
திலகா சிரித்தால் புருவத்தில் தெரிந்துவிடும்.
கன்னத்தில் அவளுக்குக் குழி விழும் என்பது
கான்டீனில் கற்றுக்கொண்டது,
அரைமணி நேரத் தவணைகளில்.

பூங்கா வாசலில் வாதுமை மரமொன்று
முழுக்கச் சிவந்து நின்றது.
மைமூனின் மகள் டப்ளினில் படிக்கிறாள்.
அங்கே அக்டோபரில் ஊரே ஒன்றாகச் சிவந்து
ஒன்றாக உதிருமாம், படம் அனுப்பியிருக்கிறாள்.
இங்கே ஒரு மரம்
தனக்குத் தோன்றிய நாளில் உதறிப் போடுகிறது.
பக்கத்து மரம் பச்சையாக நின்று
வேடிக்கை பார்க்கிறது.
"மேலாளரிடம் சொல்லாமல் லீவு எடுத்திருக்கிறது"
என்றாள் ஹூய் லெங், மலாயில்.
நாங்கள் மூன்று மொழியில் சிரித்தோம்.

ராத்திரி மழை பெய்திருக்கிறது.
எங்கள் இரவுக்கு ஜன்னல் கிடையாது;
ஆற்றைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.
தேத்தண்ணி நிறத்தில் பாறைகளை இடித்துக்கொண்டு
யாரோ கூப்பிட்டமாதிரி ஓடியது.
அது வந்த திசையில் நாங்கள் நடந்தோம்.
செருப்பு வழுக்க, ஒருத்தி கையை ஒருத்தி பிடிக்க,
பிடித்தவளும் வழுக்க.

"பசியாறலாமடி" என்று உட்கார்ந்த நிமிடம்
ஒரு குரங்கு வந்து
திலகாவின் பொட்டலத்தை எடுத்துப் போனது.
கிளையில் உட்கார்ந்து இலையை ஒழுங்காகப் பிரித்து
நெத்திலியைப் பொறுக்கித் தின்றது.
சம்பலை முகர்ந்து,
முகம் சுளித்து,
மொத்தத்தையும் கீழே போட்டது.
"ரிஜெக்ட்!" என்று கத்தினோம் நால்வரும்
ஒரே குரலில்.
வரிசையில் எத்தனையோ சில்லைக்
குனிந்து பார்த்துச் சொன்ன சொல்,
இவ்வளவு சத்தமாக இதுவரை சொன்னதில்லை.

மூன்று பொட்டலத்தை நான்காக்கித் தின்றுவிட்டு
மேலே போனால்
இரும்புக் கதவு. பூட்டு.
அருவிக்குப் போக அனுமதி வாங்க வேண்டுமாம்,
முன்கூட்டியே, அலுவலக நேரத்தில்.
அலுவலக நேரத்தில் நாங்கள் தூங்குகிறவர்கள்.

கம்பிக்குள் முகம் பதித்து நின்றோம்.
மூங்கிலுக்குப் பின்னால் இரைச்சல் மட்டும் வந்தது,
அப்புறம் ஈரக் காற்று,
அப்புறம் மைமூனின் கண்ணாடியில் பொடிப்பொடியாக நீர்.
"பெரிசுதான்" என்றாள் திலகா.
"இந்தப் பக்கம் சாய்ந்து விழுகிறது" என்றேன்.
கண்ணை மட்டும் வைத்து
முகத்தைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள்;
யாரும் ஏமாறவில்லை.

திரும்பும் வழியில் ஒரு தட்டைப் பாறை,
அதில் வெயில்.
காலைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு
ஒருத்தி பின் ஒருத்தியாகச் சாய்ந்தார்கள்.
ஹூய் லெங் குறட்டை விடுவாள் என்று
பதினொரு வருடமாக எனக்குத் தெரியாது.
மைமூன் வாயைத் திறந்து தூங்குகிறாள்.
திலகாவின் கன்னத்துக் குழியில்
சிரிக்காதபோதும் ஒரு சின்ன நிழல் தங்குகிறது.

பத்து மணிக்கு எழுப்பச் சொன்னார்கள்.
இப்போது பத்தே முக்கால்.