தூதைக் கொல்லும் ஊர்

தார்த்துவில் ஜனவரி. நாலு மணிக்கே இருட்டு.
எமயோகி ஆறு
ஆள் நடக்கும் கனத்துக்கு உறைந்து கிடக்கிறது.
மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தில்
ஹெல்யே ராவுட்சிக் ஒரு கையுறையைக் கழற்றினாள்.
தொலைபேசி அதிர்ந்தது, அவ்வளவுதான்.
படித்தாள், அழித்தாள்,
அந்தக் கையாலேயே குழாயின் மூடியைத் திறந்துவிட்டாள்.

பதினொரு வாரம்.
ஈஸ்ட் வளர்த்து, உடைத்து, கழுவி, சுழற்றி
ஒரு துளியாக்கிப்
பனிக்கட்டியில் குத்தி வைத்திருந்தது.
விரல் நுனி ஈரத்தில் இருந்தது கத்தரி.
எல்லார் தோலிலும் இருப்பதுதான்.

டிஎன்ஏ என்றால் பிழைத்திருக்கும்.
அது உட்கருவை விட்டு நகராத மூலவர்.
வீதிக்கு வருவது நகல்,
தைமினைக் கழற்றி யுராசிலைப் பூட்டிக்கொண்டு.
இந்த உற்சவர்
கோயிலுக்குத் திரும்புவதில்லை.

வெளியே ரைபோசோம் அதைப் பற்றிக்கொள்ளும்,
மூவசைச் சீராய்ப் பிரித்து வாசிக்கும்.
சீருக்கு ஓர் அமினோ அமிலம்.
ஓரெழுத்து நழுவினால்
தளை தட்டுவதோடு போகாது, பாட்டே வேறாகும்.
நிறுத்தச் சொல்லும் சீர் வந்ததும்
சங்கிலி கழன்று, மடிந்து,
புரதமாய் வேலைக்குப் போய்விடும்.

தூது?
அதன் வால் முழுக்க ஒரே எழுத்து,
அ அ அ அ அ அ அ
ஒவ்வொன்றாய் உதிரும். அதுதான் அதன் ஆயுள்.
தூது வந்தவனைக் கொல்லாதே என்பது அரசநீதி.
செல்லுக்கு அரசன் இல்லை.
கொல்லாமல் விட்டால்
நேற்றைய கட்டளையை இன்றும் கூவிக்கொண்டிருக்கும்,
வேண்டாத புரதம் வாசல்வரை குவியும்.

ஜெல்லை விளக்கில் வைத்தபோது
இரண்டு கோடு தெரிய வேண்டிய பாதையில்
அடியில் கொஞ்சம் புகை.
பிரீட் எட்டிப் பார்த்தான்.
"மொத்தமுமா?"
"மொத்தமும்."
அவன் காபி போடப் போனான், வேறென்ன செய்வான்.

அவள் தொலைபேசியை எடுத்துப் பார்த்தாள்.
அந்தச் செய்தி இல்லை.
தினமும் நாலு மணிக்கு மகள் கெர்து
பனிமேல் நடந்து ஆற்றைக் கடந்ததும் அனுப்புவது,
ஒரே சொல்: கடந்துட்டேன்.
படித்ததும் அழித்துவிடுவாள். நேற்றையது கிடந்தால்
இன்றையது என்று நினைத்துவிடலாம், பயம் அது.
சொல் போய்விட்டது.
பிள்ளை அக்கரையில் இருக்கிறாள்,
ஈரக் காலுறையை ஹீட்டர்மேல் போட்டுவிட்டு
எதையாவது தின்றுகொண்டிருப்பாள்.

ஹெல்யே புதுக் குடுவையில் சீட்டு ஒட்டினாள்:
ஈஸ்ட், முதல் நாள்.
கையுறைமேல் இன்னொரு கையுறை.
தொலைபேசியை மட்டும் அணைக்கவில்லை.