ஒடுங்கிய வரி

மக்ஃபி வாளியை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.
அவர் படகின் பம்பை நான் பழுது பார்த்ததற்குக் கூலி:
பதினாறு விசிறிச் சிப்பிகள்,
முங்கி முங்கிக் கையால் பொறுக்கியவை.
மல் தீவில் ஞாயிறு, மழை.
மின்சாரம் போய்ப் போய் வந்தது.
கேஸ் அடுப்பை மட்டும் நம்பலாம்.

எங்கள் நால்வரில் ஒருவருக்கும் இதைத் திறக்கத் தெரியாது.
கடலுக்கு நாற்பதடி தள்ளி வீடு;
தின்பதோ பெட்டியில் உறைந்த மீன்துண்டு.

வாளித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டி
டோர்கில் ஒன்றை விட்டான்.
படக்கென்று மூடி, அவன் சட்டையில் துப்பி,
ஒரு சாண் நகர்ந்தது.
“கைதட்டிக்கிட்டே ஓடுது!”
நீந்துவதே அப்படித்தான் என்றாள் இஷபெல்,
நூலகப் புத்தகத்தை மாவு டப்பாவில் சாய்த்தபடி.
தனக்குத்தானே கைதட்டி முன்னேறும் பிராணி.
“உங்க முதலாளி மாதிரி” என்றாள் ஷோனக் என்னிடம்.

விளிம்பெல்லாம் நீலப் புள்ளி, கடுகைவிடச் சிறிசு.
கண்களாம்.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கண்ணாடியாம்.
இருநூறுவரை இருக்கும் என்று போட்டிருந்தது.
டோர்கில் முப்பத்தேழில் நிறுத்திக் கேட்டான்:
“நம்மளைத் தெரியுதா இதுக்கு?”
“நிழல் அசைஞ்சா தெரியும்.”
“அப்போ நாம நிழலா?”
கத்தி என் கையில் இருந்தது.

தட்டை ஓட்டின் உள்பக்கம் ஒட்டி இழுக்க வேண்டும்.
முதலாவது கந்தல்.
இரண்டாவதில் என் கட்டைவிரல்.
மூன்றாவது கதவுபோலத் திறந்தது.
கறுப்புப் பை போக, கண்வைத்த ஜாலர் போக,
மிச்சம் ஒரு வெள்ளைத் தசை,
அதை வளைத்தபடி ஓர் ஆரஞ்சு நாக்கு.
ஆரஞ்சு பெண்ணாம், பால்நிறம் ஆணாம்,
இரண்டும் ஒரே உடம்பில்.
“சௌகரியம்” என்றாள் ஷோனக்,
“கோவிச்சுக்கிட்டுப் போக ஆளில்லை.”

ஓட்டின் முதுகில் வரிகள். குளிர்காலத்துக்கு ஒன்று.
இஷபெல் நகத்தால் எண்ணினாள்.
“ஏழு. இவன் வயசு.”
நான்காவதும் ஐந்தாவதும் மட்டும்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.
“இந்த வருஷம் ஏன் வளரவே இல்லை?”
இரை கிடைத்திருக்காது என்றேன்,
புயல் புரட்டிப் போட்டிருக்கும் என்றேன்,
எனக்குத் தெரிந்ததுபோல.
அவள் விளிம்பிலிருந்து பின்னால் எண்ணினாள்.
நகம் நின்றது.
அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.
“கார் வருஷம்!” என்றான் டோர்கில்,
விடுகதைக்கு விடை கண்ட குஷியில்.

அந்த வருஷத்தில் நான் இல்லை.
ஓபன் துறைமுகத்துக்குப் பின்னால்,
ஒரு பழைய காரில், மூன்று பேர், பதினொரு வாரம்.
எனக்குச் சொன்னது இவ்வளவே.
இன்னும் கேட்டதில்லை.

புகை. வெண்ணெய் கரிந்துவிட்டது.
வாணலியில் ஆறு, ஆறும் ரப்பர்.
நாய்கூட யோசித்துத்தான் தின்றது.

ஷோனக் என்னை இடுப்பால் தள்ளினாள்.
மீதியைத் துண்டில் ஒற்றி ஒற்றி உலர்த்தினாள்.
ஈரமிருந்தால் வெந்துபோகும், முறுகாது.
“போட்டதும் தொடாதே. தொண்ணூறு எண்ணு.”
எண்ணினோம், சத்தமாக, நாலு பேரும்,
மழைக்கு மேலே, ஒருவர் முந்தாமல்.
அறுபதில் டோர்கிலுக்குச் சிரிப்பு வந்தது,
எண்பதில் விளக்கு போனது,
இருட்டில் தொண்ணூறு.
திருப்பினாள்.
கேஸின் நீலத்தில் ஒன்பதும் பொன்.

நாம நிழலா என்று கேட்டவன் மூன்று தின்றான்.
ஏழுவரிக்காரனை என் தட்டில் வைத்தாள் ஷோனக்.
ஒன்றும் சொல்லவில்லை,
உப்பு பார் என்றதைத் தவிர.
இனித்தது.

அதன் தட்டை ஓடு இப்போது குழாயடியில்,
சோப்பு வைக்க இஷபெல் போட்டது.
சோப்பு வழுக்கி விழுகிறது, தினமும்.
யாரும் அதை எடுக்கவில்லை.