நாலு மணிக்கு வாங்க

கும்பகோணத்தில் இறங்கும்போதே பதினொன்றரை.
பாத்திரக்கடைகளைத் தாண்டி
வாசலுக்குப் போவதற்குள் நடை சாத்தியாயிற்று.
"நாலு மணிக்கு வாங்க" என்றது
ஒரு சாவிக்கொத்து.

சாமிகளெல்லாம் தூங்கும் ஊரில்
வெயிலும் நாங்களும்தான் விழித்திருந்தோம்.
மகாமகக் குளத்தைச் சுற்றி
மண்டபங்களை எண்ணினோம்:
எனக்குப் பதினைந்து, ரெஜினாவுக்குப் பதினேழு.
சண்டை போட நேரம் நிறைய இருந்தது.

ஷேர் ஆட்டோவில் தாராசுரம்.
தட்டினால் பாடுமாம் படிகள்.
கம்பிக்கூண்டு போட்டுப் பூட்டியிருந்தார்கள்.
இடுக்கில் விரல் விட்டாள், எட்டவில்லை.
கோபத்தில் பூட்டைத் தட்டினாள்.
அது 'ரி' என்றது,
அல்லது அதற்குப் பக்கத்தில் ஏதோ.

நாலு மணி வண்டி நகர்ந்தது.
ஊர் அப்போதுதான் கதவைத் திறந்திருக்கும்.
பாபநாசம் வரைக்கும்
பூட்டின் சுரத்தையே முனகிக்கொண்டு வந்தாள்.