பதினான்காவது கம்பி

குடை அமைப்பு என்றுதான் போட்டிருக்கிறார்கள் கடிதத்தில்.
மண்டபத்தில் கச்சான் அடிக்கும் மாதம் இது.
இங்கே குடை விரித்தவர் எவரும்
விரித்த குடையோடு பேருந்து நிலையம் போய்ச் சேர்ந்ததில்லை.

தில்லியில் இருக்கிறது இசைத்தொழில் தேசியப் பேரவை.
இசைத்தட்டுக் கம்பெனிகள், உரிமைத்தொகை வசூலிப்பவர்கள்,
கிட்டார் இறக்குமதி செய்பவர்கள், அரங்கு நடத்துபவர்கள்,
எல்லாருக்கும் கடைசியில், பதினான்காவது உறுப்பாக,
ராமநாதபுரம் கடலோர இன்னிசைக் குழுக்கள் சங்கம்.
அதாவது நாங்கள். நாற்பத்து மூன்று பேர்.
ஆண்டுச் சந்தா பதினோராயிரம்.
நம்புராஜன் தபேலாவை இன்னும் அடகு வைக்கவில்லை,
அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.
மேடையில் இரண்டாவது பெண்குரல்.
ஆங்கிலப் படிவம் நிரப்பத் தெரியும் என்கிற ஒரே குற்றத்துக்காகச்
செயலாளர்.

இன்றிரவுக்குள் அறிக்கை போக வேண்டும்.
கேள்வி ஏழு: கடந்த ஆண்டு
உங்கள் துறையின் வருவாயைப் பாதித்த காரணிகள்.
கீழே நான்கு கட்டங்கள்.
திருட்டுப் பதிவு. வரி. அரங்க வாடகை. இணையப் பங்குத்தொகை.
ஐந்தாவதாக ஒரு கட்டம் பேனாவால் வரைந்தேன்.
உள்ளே எழுதினேன்: இறால்.
அடித்துவிட்டு
மறுபடியும் இறால் என்றே எழுதினேன்.

விளக்கம் தனித்தாளில் இணைக்கலாமாம். இணைக்கிறேன்.
இறால் கிலோ அறுநூறுக்குப் போனால்
காதுகுத்துக்கும் கச்சேரி வைப்பார்கள்.
முந்நூறுக்கு இறங்கினால்
கல்யாணத்துக்கே பென்டிரைவ் போதும்.
எல்லை தாண்டியதாக ஐந்து படகு பிடிபட்டால்
பாம்பனிலிருந்து தங்கச்சிமடம்வரை வேலைநிறுத்தம்.
அந்த வாரம் திருவிழாவில் கொடி ஏறும்,
மேடை ஏறாது.
முன்பணத்தைத் திருப்பிக் கேட்க வருகிறவர்
கேட்க வாய் வராமல் நிற்பார்.
கொடுக்கக் கை வராமல் நாங்களும் நிற்போம்.
இதற்கு உங்கள் அட்டவணையில் என்ன பெயர் என்று
தெரிவித்தால் நன்று.

கேள்வி ஒன்பது: பேரவையால் பெற்ற பயன்கள்.

தை மாதம் ஒரு நோட்டீஸ் வந்தது.
ஏர்வாடிக் கல்யாணத்தில் பாடிய
பதினெட்டுப் பாட்டுக்கு உரிமம் வாங்கவில்லையென்று.
அனுப்பியவர்கள் பேரவையின் மூன்றாவது உறுப்பு.
பேரவைக்கு முறையிட்டேன்.
இருவருக்கும் ஒரே பதில் வந்தது:
இரு தரப்பின் நலனும் எங்களுக்கு முக்கியம்.
வாய்விட்டுச் சிரித்தேன்.
வெண்கொற்றக் குடைக்குக் கீழே
வரி வாங்குகிறவனும் நிற்பான், கட்டுகிறவனும் நிற்பான்.
வெயில் யார் தோளில் என்பது
பிடித்திருப்பவன் கைச்சாய்வு.

இத்தோடு நிறுத்தியிருப்பேன்.
ஆனால் மாசியில்
உச்சிப்புளி தாண்டி வேன் கவிழ்ந்து
சந்தியாகுவுக்கு மேலுதடு கிழிந்தது.
டிரம்பெட் வாசிக்கிறவனுக்கு உதடுதான் கை.
ஆஸ்பத்திரிச் சீட்டில் சிறுகாயம் என்றிருந்தது.
காப்பீட்டுக்காரர்கள் முகப்பொலிவு எங்கள் பொறுப்பல்ல என்றார்கள்.
பேரவை அலுவலகத்தில் ஹர்மீத் என்று ஒரு பெண்.
நான் பார்த்ததில்லை. குரலும் கேட்டதில்லை.
உதடு ஒரு தொழிற்கருவி என்று நிரூபிக்க
முப்பத்தொரு மின்னஞ்சல் எழுதியிருக்கிறாள்.
இருபதாவதில் அவளுக்குக் கோபம் வந்திருக்கிறது;
இலக்கணம் தவறுகிறது.
ஒன்றேகால் லட்சம் வந்தது.
சந்தியாகு வாசிக்கிறான்.
மேல் ஸ்தாயியில் கொஞ்சம் காற்று கசியும்.
ரிதம் பேடில் கலந்தர் அந்த இடத்தில்
சற்று அழுத்தி அடித்துவிடுவான்.

பயன்கள் என்ற இடத்தில்
முப்பத்தொன்று என்று மட்டும் எழுதினேன்.

மணி பதினொன்றரை.
ஜெட்டியில் டீசல் பேரல் உருளும் சத்தம்;
விடியலில் படகுகள் போகும் போல.
கலந்தர் கூப்பிட்டான்:
வெள்ளிக்கிழமை கீழக்கரையில் ஒரு நிகழ்ச்சி, வருவியா?
விலை ஏறிடுச்சா என்றேன்.
ஏறிடுச்சு என்றான்.

கடைசிக் கேள்வி: பரிந்துரைகள்.
அடுத்த பொதுக்குழுவை
ஆடி மாதம் மண்டபத்தில் வையுங்கள்.
குடை யாரும் எடுத்துவர வேண்டாம்.
ஹர்மீத்தைக் கூட்டி வாருங்கள்.