அரிசி ஒன்பது, தேங்காய் எழுபத்திரண்டு

ராத்திரி பத்தரைக்கு மாடியில்
ஏரியல் கம்பத்தோடு நிற்கிறேன்.
கையில் போன், போனில் கடல்.
மத்தியானம் மேலேயிருந்து எடுத்தது,
வண்ணம் பூசி வந்திருக்கிறது.
சிவப்பென்றால் சூடு, நீலம் குளிர்.
இன்னொரு படத்தில் பச்சை: பாசித்துகள்,
அதைத் தின்னும் பொடிமீன்,
பொடிமீனைத் தேடி வரும் கணவாய்.
கேரை மட்டும் பச்சைக்குள் வராது.
அதற்குக் கண்ணால் பார்த்துத்தான் பாய வேண்டும்.
தெளிந்த தண்ணீர்ப் பக்கம் நின்று
கலங்கலின் வாசலைக் காவல் காக்கும்.

அந்த வாசல் படத்தில் மயிரிழை.
கடலில் நாலு மைல்.

என் சொல் சின்னத்துறையில் கிளம்பி
போட்டுக்குப் போட்டு கைமாறித்தான்
மினிக்காய்க்கு மேற்கே
ததேயுவிடம் போய்ச் சேரும்.
வழியிலுள்ள இருபது சிராங்குகளுக்கும் காது உண்டு.
அதனால் கடலைப் பலசரக்காக்கினேன்:
"அரிசி ஒம்பது கிலோ. சீனி நாப்பது.
தேங்காய் எழுவத்திரெண்டு. மொளவு பத்து."
வள்ளவிளைக்காரன் ஒருத்தன் ஒருநாள் கேட்டேவிட்டான்:
"அக்கா, வீட்டுல கல்யாணமா?"

இன்று படத்தின் நடுவில் வெள்ளை.
மேகம் கிடக்கிறது.
அதற்கடியில் செயற்கைக்கோளுக்குக் கடலே கிடையாது.
எல்லார் போனிலும் இதே படம்தான்.
இந்நேரம் பச்சையோரத்தில்
ஒருவன் தூண்டில்கயிறு இன்னொருவன் கயிற்றில்
சிக்கிக் கிடக்கும், கெட்ட வார்த்தையோடு.
எங்களுக்கு மிச்சம் டீசல் ஆறு பேரல்,
ஐஸ் பாதி, வட்டி முழுசு.

மகன் கீழே படுத்திருக்கிறான்.
அதையும் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது:
"றோஷனுக்குக் காய்ச்சல். நூத்தியொண்ணு."
இரைச்சல். பிறகு யார் யாரோ.
நூற்றியொன்றைத் தூக்கிக்கொண்டு
சார்ட்டை விரித்துவிட்டார்கள் போல.
"அது மலேசியாவுல கரையில்லா, அக்கா!"
இருட்டில் இருபது போட்டு சிரித்தது.
என் ஆள் சிரிக்கவில்லை.
"மருந்து குடுத்தியா?"
கைமாறிக் கைமாறி
வேறொருவன் குரலில் வந்தது அது.

குடுத்தாச்சு, என்றேன்.
"கடையில பால் மட்டும்தான் கெடக்கு.
உள்ள என்ன இருக்குன்னு தெரியாது."
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அதே வேற்றுக் குரல்:
"பால் போதும்ங்காரு."

நாலு நாள் சத்தமில்லை.
கடல் இருபத்தெட்டு, இருபத்தெட்டரை.
றோஷன் நூறு, தொண்ணூற்றொன்பது,
மறுபடி நூறு.
இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிவிட்டு
எது எதுவென்று ஒருநாள் குழம்பினேன்,
குழம்ப வழியே இல்லாத கணக்கில்.

ஐந்தாம் நாள் பூத்துறைக்காரர் ஒருவர்:
"ஒங்க ஆளு பால் கறந்துட்டாராம்.
நாப்பத்தியொண்ணு. ரெண்டுக்குத் தலை மட்டும்,
மிச்சத்த சுறா தின்னாச்சு."
நிறுத்தவில்லை அவர். இழுத்தார்:
"எந்தக் கடையில, அந்தப் பாலு?"

மேகம் கலைந்த புதுப் படத்தில்
அந்த இடம் வெறும் நீலம்.
பச்சையில்லை, ஓரமில்லை,
ஒரு கேரை அங்கே நிற்க
எந்த நியாயமும் இல்லை.
உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்.
பொத்தானை அமுக்கினேன்.
"கடை அடச்சாச்சு, அண்ணே."