வெளியே இருந்து ஒரு சிட்டிகை

குளிசை அட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்து
எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்
கரைவலைச் சபூர்தீன்:
"கல்சியத்துக்குக் கதவடைக்கிற மருந்தாமே டொக்டர்,
மகள் போனில பாத்துச் சொன்னா.
கதவ அடைச்சா எண்ட கை என்னத்துக்காகும்?"

திருகோணமலை ஆசுபத்திரி, ஐந்தாம் வார்ட்,
இரவு இரண்டு மணி.
யன்னலுக்கு வெளியே மதிலோரம்
ஒரு மான் சோற்றுப் பொலித்தீனை நக்கிக்கொண்டிருந்தது.
நூற்றறுபதில் ஓடிவந்த நெஞ்சு
இப்போது எண்பத்தெட்டு.
திரையில் பச்சைக் கோடு
உட்துறைமுகத்து அலைபோலச் சின்னதாய்.

கைக்கு ஒன்றும் ஆகாது என்றேன்.
நம்பவில்லை.
நம்பாத முகத்தின் முன்னால்
பாடப்புத்தகம் வாயடைத்துப் போகிறது.
வலையிலிருந்து தொடங்கினேன்.

உங்கள் புயத்துத் தசையில்
எதிரெதிரே இரண்டு கதவுகள்,
ஒரே கயிற்றில் கட்டியவை.
நரம்பு அதட்டினால் வெளிக்கதவு நெளியும்,
நெளிந்த இழுப்பிலேயே உட்கதவு திறக்கும்,
உள்ளறையில் அடைத்த கல்சியம்
அவிழ்த்த மடியிலிருந்து சூடை மீனாய்க் கொட்டும்.
வெளியேயிருந்து ஒரு துகளும் வரத் தேவையில்லை.
கை, தன் வீட்டுச் சாமானிலேயே சமைத்துவிடும்.

நெஞ்சுக்கு அது போதாது.
ஒவ்வொரு துடிப்புக்கும்
வெளியே இருந்து ஒரு சிட்டிகை வரவேண்டும்,
பக்கத்து வீட்டில் கைநீட்டி வாங்கும்
வெற்றிலைச் சுண்ணாம்பளவு.
அது போய்த் தட்டினால்தான்
உள்ளறை வாய் திறக்கும்.
உள்ளே பானை பானையாய் இருந்தாலும்
தட்ட ஆளில்லாவிட்டால் பட்டினி.

கொஞ்சநேரம் மூக்கைச் சொறிந்தார்.
"அம்பா மாதிரி" என்றார்.
"முதல் சொல்ல ஒருத்தன் எடுக்கணும்.
அவன் எடுக்காட்டி
முப்பது பேர் நிண்டும் கயிறு அசையாது.
இறக்கக்கண்டிக் கரையில
பதினெட்டு வருஷமா நான்தான் எடுக்கிறன்."
பிறகு, என்னைப் பாராமல்:
"அப்ப இந்தக் குளிசை
நெஞ்சுக்குள்ள அவண்ட வாயப் பொத்துதா?"

மெதுவாய்ப் பாடச் சொல்கிறது, அவ்வளவுதான்
என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

எனக்குள் வேறொரு கை கிடந்தது.
மாலை, சீனக்குடாவிலிருந்து கொண்டுவந்தார்கள்.
காலையிலேயே கடலில் இறந்துபோனவர்,
விரல்களுக்குள் ஒரு நைலோன் நுனி.
பொலிஸ்காரர் விரிக்கப் பார்த்தார், முடியவில்லை.
இன்னொருவரும் சேர்ந்து பார்த்தார்.
பரீட்சைக்குப் படித்தபோது
ஒற்றை வரியாகக் கடந்துபோன விஷயம்:
பிடித்த பிடியை விடுவதற்கும் எரிபொருள் வேண்டும்.
கொட்டியதை அள்ளி அள்ளி
உள்ளறைக்குத் திருப்பி ஏற்றும் இறைப்பு
நித்திரையிலும் நிற்காமல் நடக்கிறது.
நாம் அதற்கு ஓய்வு என்று பேர் வைத்திருக்கிறோம்.
அந்த மனிதரிடம்
கையை விரிக்கக் காசில்லை.

"வெள்ளிக்குத் துண்டு வெட்டுவீங்களா டொக்டர்,
சூடை வாற நாள்."
ஸ்கேன் எடுத்தபிறகு பார்ப்போம் என்றேன்.
அந்தப் பதில் அவருக்கும் பழக்கம்தான்;
கடலும் அப்படித்தான் சொல்லுமாம்.

உறங்கிப்போனார்.
கட்டிலுக்கு வெளியே நீண்ட கை
மல்லாந்து, முழுதாய் விரிந்து,
கயிறு அறுத்த தழும்புகளோடு கிடந்தது.
நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மற்றக் கட்டில்களுக்கும் போயிருக்கவேண்டும்.

சுபஹ் பாங்குக்குச் சற்று முன்
தலையணைக்கடியில் போன் அதிர்ந்தது.
நான்தான் எடுத்துக் காதில் வைத்தேன்.
"வாப்பா, எழும்பிட்டீங்களா?"
கண் திறக்கவில்லை. உதடு மட்டும் "ம்" என்றது.

திரையில் எண்பத்தெட்டு
தொண்ணூற்று நான்காகி
மெல்ல இறங்கியது.

குறிப்புத்தாளில் எண்ணை எழுதினேன்.
காரணம் எழுதுகிற கட்டத்தில்
பேனையை வைத்து, எடுத்தேன்.
மானைக் காணவில்லை.